கணக்கு ஒருவர் பெயரில், கைபேசி இன்னொருவர் கையில்

பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி கீழக்கரை, தொண்டி வரையிலான எங்கள் கடற்கரை ஊர்களில், வங்கிக் கணக்குக்கு உரியவரும் அதைக் கையாள்பவரும் பல வீடுகளில் ஒருவராக இருப்பதில்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தந்தையின் கணக்கில் ஏறும். அதற்கான குறுஞ்செய்தி வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் கைபேசிக்குப் போகும். வளைகுடாவிலிருந்து வரும் பணம் தாயின் கணக்கில் சேரும். அந்தக் கணக்கில் பதிவாகியிருப்பதோ, ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்ட பழைய சிம்மின் எண். அந்த எண் பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், நம் கணக்கின் ஓடிபி முன்பின் அறியாத ஒருவரிடம் போய்ச் சேரும். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது, பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை என்பவையெல்லாம் இப்போது பலருக்கும் தெரியும். எண்ணை மாற்றப் பாஸ்புக்கோடு கிளைக்குப் போக மட்டும் யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

எண்ணை மாற்றச் சொல்லி வலியுறுத்தக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியார் பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகிவிட்டால் இழப்பில் ஒரு பகுதியை அவர் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான் முடிவாகும். பின் எண்ணை நாமே சொல்லிவிட்டிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு முழுவதும் நம்முடையது. புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆக, குறுஞ்செய்தி யார் கைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே பணம் திரும்புவதும் திரும்பாததும் அமைகிறது.

வங்கி முகவரிடம் ஆதார் எண்ணும் விரல் ரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் முறையில் சிக்கல் வேறு விதமானது. கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கும் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருப்பதால், கருவி ஒரே தடவையில் ஏற்காமல் போவது சகஜம். 'பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கம்மா' என்று முகவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் முதல் தடவையிலேயே கணக்கில் பணம் கழிந்திருக்கலாம் என்பதால், தோல்வியடைந்ததற்கும் ரசீது கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். கையில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், 5 நாட்களுக்குள் அது திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019 முதல் உள்ள விதி. இந்த முறையில் பணம் எடுக்காதவர்கள் ஆதாரின் விரல் ரேகைப் பதிவைப் பூட்டி வைக்கலாம். எம்ஆதார் செயலியில் அதற்கு வசதி இருக்கிறது, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

கணக்கை வாடகைக்குக் கொடுப்பது இதைவிட மோசமானது. 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்' என்று படித்த இளைஞர்களைத்தான் அணுகுகிறார்கள். வருவது வேறெங்கோ ஏமாந்த ஒருவரின் பணம். விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வீட்டு வாசலில். கணக்கு முடக்கப்பட்டால் அதில் கிடக்கும் சொந்தச் சம்பளமும் சேர்ந்தே முடங்கும்.

பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடுவதற்குள் நிறுத்த அதுவே வழி. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள் என்பதால் குறுஞ்செய்தியை அழித்துவிடக் கூடாது. வங்கிக்குத் தனியே புகார் செய்து, புகார் எண்ணையும் தேதியையும் பாஸ்புக்கிலேயே எழுதி வைக்கலாம். 30 நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது அந்தத் தேதி தேவைப்படும்.