ஸ்லாட் காலின்னு நான் சொன்னது

"அண்ணா, நீங்க அந்த கம்ப்யூட்டர தொறந்து பாத்தீங்களா?"ன்னு கேட்டான் அந்த பையன். "ரிப்போர்ட்ல அப்படி தான்டா வந்திருக்கு"ன்னேன் நான். அவ்வளவு தான் பேச்சு, அதுக்கு மேல அவன் ஒண்ணும் கேக்கல, நானும் மானிட்டர் பக்கம் திரும்பிட்டேன். பத்து மாசம் ஆகப் போகுது, இன்னும் பெங்களூர் சில்க் போர்டு சிக்னல்ல பஸ் நின்னா எனக்கு இது தான் மண்டைக்குள்ள ஓடுது. அவன் கேட்டது ஆமான்னோ இல்லன்னோ சொல்லி முடிச்சிருக்க வேண்டிய கேள்வி. நான் ரெண்டுமே சொல்லல.

அசெட் ஆடிட் நேரம், அதாவது ஆபீஸ் சாமானெல்லாம் கணக்கெடுக்கற நேரம். எங்க ஃப்ளோர்ல அறுபது சொச்சம் டெஸ்க்டாப், எல்லாம் ஒரே மாடல், வாங்கும்போதே ரெண்டு 4 ஜிபி டிடிஆர்4 ரேம் ஸ்டிக், ஆக மொத்தம் 8 ஜிபி. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஷீட் போகணும். ஒவ்வொரு கேபினெட்டா தொறந்து பாத்துட்டு இருக்க முடியாது, நெட்வொர்க்லயே கமாண்ட் அடிச்சு ரேம் மாட்டற ஸ்லாட் எதுல எவ்வளவு இருக்குன்னு எக்ஸெல்ல இழுத்துக்குவோம், நிறைய எடத்துல இப்படி தான் பண்றாங்க. ஒரே ஒரு சிஸ்டத்துல மட்டும் 4 வந்துச்சு. ரிமோட் எடுத்து டாஸ்க் மேனேஜர் பாத்தேன். மெமரி டேப்ல "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2". சரின்னு ஷீட்ல சிவப்பு அடிச்சு அனுப்பிட்டேன். அஞ்சு நிமிஷத்துல அட்மின் சார் ஃபோன். "ஒந்து ஸ்லாட் காலி இதெயா?"ன்னாரு. "ஹௌது சார், காலி"ன்னேன்.

காலிங்கறது கன்னடத்துலயும் காலி தான், தமிழ்லயும் காலி தான். வார்த்தை தேட வேண்டிய அவசியம் கூட இல்லாம வாயில வந்துடுச்சு. காட்டலன்னு சொல்லியிருக்கணும். அந்த ஸ்லாட்ல இருக்கறத சிஸ்டம் காட்டல சார், தொறந்து பாத்துட்டு சொல்றேன்னு சொல்லியிருந்தா ரெண்டு செகண்டு தான் கூட ஆகியிருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாதவன் இல்ல நான், அது தான் ரொம்ப உறுத்துது. 2011, 2012 வாக்குல எஸ்.பி. ரோட்ல ஒரு கம்ப்யூட்டர் கடைல வேல பாத்தேன். அப்ப தினம் ஒருத்தராவது வந்து சண்டை போடுவாங்க, 4 ஜிபிக்கு காசு வாங்கிட்டு 3 ஜிபி குடுத்துட்டீங்கன்னு. மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணி காட்டுவாங்க, 3.2 சொச்சம் தான் யூசபிள்னு இருக்கும். நான் பில் புக் பின்னாடி எழுதி காட்டுவேன். உங்களுது 32 பிட் விண்டோஸ், அதால 429 கோடி சொச்சம் அட்ரஸ் தான் போட முடியும், அது சரியா 4 ஜிபி, அதுக்குள்ளயே தான் கிராஃபிக்ஸுக்கும் போர்டுல இருக்கற மத்த எல்லாத்துக்கும் அட்ரஸ் ஒதுக்கணும், அப்ப ரேம்ல மேல இருக்கற பாகத்துக்கு மிச்சம் இருக்காது. வீடு இருக்குங்க, டோர் நம்பர் இல்ல, அதனால போஸ்ட்மேன் அங்க போக மாட்டார், அவ்வளவு தான்னு சொன்னா உடனே புரிஞ்சுக்குவாங்க. விண்டோஸ் 7 ஸ்டார்டர்னா 2 ஜிபிக்கு மேல எடுக்காது, ஹோம் பேசிக் 64 பிட் போட்டாலும் 8 தான். இன்னொருத்தர் விண்டோஸோட எம்எஸ்கான்ஃபிக்னு ஒரு செட்டிங்ஸ்ல மேக்ஸிமம் மெமரின்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க, அத வேகமாகும்னு நினைச்சு போட்டு வெச்சுட்டு வந்தார், டிக்கை எடுத்ததும் மொத்தமும் வந்துச்சு. பயாஸ்ல, அதாவது ஆன் பண்ணினதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடற புரோகிராம்ல, மேல இருக்கற ரேமுக்கு வேற அட்ரஸ் குடுக்கற மெமரி ரீமேப் ஆஃப்ல இருந்தாலும் இதே கதை தான். இப்படி எத்தனை பேருக்கு "ரேம் உள்ள தான் இருக்கு, சிஸ்டம் எடுக்கல"ன்னு சொல்லியிருப்பேன். அந்த ஒரு நாள் மட்டும் காலின்னேன்.

அந்த பையன் வாணியம்பாடி பக்கம். டிப்ளமோ முடிச்சுட்டு வெண்டார் மூலமா எங்க சைட்டுக்கு வந்தவன், கே.ஆர். புரத்துல நாலு பேரோட ரூம், சனிக்கிழமை ஆனா ஜோலார்பேட்டை வண்டி புடிச்சு ஊருக்கு போயிடுவான். வேல சுத்தமா பண்ணுவான். அதுக்கு முந்தின வியாழக்கிழமை பன்னெண்டு சிஸ்டத்த தொறந்து ப்ளோயர் அடிச்சு, ரேமை கழட்டி துடைச்சு மாட்டினது அவன் தான், அதுல இந்த சிஸ்டமும் ஒண்ணு. கேபினெட் பூட்டோட சாவி ரெஜிஸ்டர்ல அவன் கையெழுத்து இருக்கு. அட்மின் சார் ரெஜிஸ்டரை பாத்தார், ஷீட்டை பாத்தார், வெண்டார் சூப்பர்வைசரை கூப்பிட்டார். யாரும் திருடன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஆனா சாயந்திரம் கேட்ல அவன் பையை டேபிள்ல கவுத்தாங்க. டிபன் பாக்ஸ், சார்ஜர், ஸ்க்ரூ டிரைவர் செட்டு, ஸ்கூல் பசங்க வெச்சிருக்கற மாதிரி ஒரு அழிரப்பர். ரேமோட கோல்டு காண்டாக்ட தேய்க்கறதுக்கு அவன் எப்பவும் வெச்சிருப்பான், ஒரு பக்கம் கருப்பா இருக்கும். அந்த அழிரப்பரை செக்யூரிட்டி கையில எடுத்து திருப்பி திருப்பி பாத்தார். நான் பஞ்ச் பண்ணிட்டு வெளிய போக கியூவுல நின்னுட்டு இருந்தேன்.

மறுநாள் காலைல வந்து தான் அவன் என்கிட்ட அந்த கேள்விய கேட்டான். அடுத்த வாரம் பீன்யா பக்கம் வேற சைட்டுக்கு போட்டாங்க, ஒரு மாசத்துல வேலைய விட்டுட்டான்னு கேள்விப்பட்டேன்.

நான் அவன் பேர எங்கயும் எழுதல. ஷீட்ல சிஸ்டம் நம்பரும் கெபாசிட்டியும் தான் இருந்துச்சு. யார் தொறந்தாங்கன்னு நான் சொல்லல, அவங்களா ரெஜிஸ்டரை பாத்தாங்க. சாவியும் என்கிட்ட இல்ல. அது மட்டுமில்ல, கம்ப்யூட்டருக்கே இது தெரியாது. ஆன் பண்ணும்போது பயாஸ் ஒவ்வொரு ஸ்டிக்லயும் இருக்கற எஸ்பிடின்னு ஒரு குட்டி சிப்ப படிக்கும், படிக்க முடியலன்னா ஸ்லாட்ல ஒண்ணும் இல்லன்னு எழுதிடும், படிச்சதுக்கப்புறம் அந்த ஸ்டிக் வேல செய்யலன்னாலும் சில போர்டுல அப்படியே தான் எழுதும். விண்டோஸ் அதை தான் வாங்கி காட்டுது. ஸ்டிக்கை ஒருத்தன் உருவிட்டு போனாலும் அது சரியா உக்காரலன்னாலும் எனக்கு ஸ்கிரீன்ல தெரியறது ஒண்ணு தான். இது அத்தனையும் உண்மை தான். ஆனா அறுபதையுமா தொறக்க சொன்னாங்க, ஒண்ண தானே தொறந்திருக்கணும்? சாவி அட்மின் ட்ராயர்ல இருந்துச்சு, அவர்கிட்ட ஃபோன்ல பேசிட்டு இருந்ததும் நான் தான்.

மூணு மாசம் கழிச்சு அதே சீட்ல இருந்து டிக்கெட் வந்துச்சு, எக்ஸெல் தொங்குதுன்னு. 4 ஜிபில தொங்காம என்ன பண்ணும், புது ஸ்டிக் ஒண்ணு இண்டென்ட் போட்டு வாங்கிட்டு போனேன். டேபிளுக்கு அடியில உக்காந்து பூட்டை தொறந்து சைடு பேனலை எடுத்தா ரெண்டு ஸ்டிக்கும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. அப்படியே தரையில உக்காந்துட்டேன். அந்த சீட் பொண்ணு "என்னாச்சு சார், ஷாக் அடிச்சிடுச்சா"ன்னு கேட்டாங்க.

இதுக்கு அப்புறம் நான் பண்ணினது தான் இன்னும் குழப்பமா இருக்கு. ரெண்டாவது ஸ்டிக்கை வெளிய எடுத்தேன். லாட்ச் ரெண்டு பக்கமும் மூடியிருந்த மாதிரியும் இருந்துச்சு, விரல் பட்டதும் லேசா வந்துட்ட மாதிரியும் இருந்துச்சு, இப்ப யோசிச்சா எது நிஜம்னு சொல்ல முடியல. காண்டாக்ட அழிரப்பர் போட்டு தேய்ச்சு, கிளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி மாட்டினேன். அதோட நிறுத்திட்டு ஆன் பண்ணி பாத்திருக்கணும். கை நிக்கல. பக்கத்துலயே ப்ராசஸர் மேல இருக்கற கூலர், நாலு ஸ்க்ரூல ஒண்ணு மட்டும் ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, அத அரை சுத்து லூஸ் பண்ணினேன். ஏன்னா ரேமோட பேசற மெமரி கன்ட்ரோலர் இருக்கறது ப்ராசஸருக்குள்ள, கூலர் ஒரு பக்கமா அழுத்தினா சாக்கெட் பின்ல ஒண்ணு ரெண்டு சரியா தொடாம ஒரு சேனல்ல, அதாவது ரேமுக்கு போற ஒரு வழியில இருக்கற ரேம் மொத்தமா காணாம போறது உண்டு, எஸ்.பி. ரோட்லயே பாத்திருக்கேன். அப்புறம் பவர் போட்டேன். 8.00 ஜிபி.

எதால சரியாச்சு? ஸ்டிக்கை அமுக்கினதால வந்துச்சுன்னா அன்னைக்கு துடைச்சுட்டு அவன் சரியா மாட்டல. ஸ்க்ரூவால வந்துச்சுன்னா அது நான். ஆடிட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சூடு ஏறுதுன்னு அந்த சிஸ்டத்துக்கு ப்ராசஸர் மேல பூசற பேஸ்ட் மாத்தி கூலரை முடுக்கினது நான் தான், அதுக்கப்புறம் 8 காட்டுதான்னு பாக்கவும் இல்ல. ஒரு நேரத்துல ஒரு வேல தான் பண்ணணும், பண்ணிட்டு ஆன் பண்ணி பாக்கணும், இத புதுசா வர்ற ஒவ்வொரு பையனுக்கும் நான் தான் சொல்லிக் குடுக்கறேன், அவனுக்கும் சொல்லிக் குடுத்தேன்.

அட்மினுக்கு மெயில் போட்டேன், ஸ்டிக் கேபினெட்டுக்குள்ளயே இருந்துச்சு, எடுத்துட்டு போனதா நினைச்சது தப்புன்னு. "நோட்டட், தேங்க்ஸ்"னு பதில் வந்துச்சு. வெண்டாருக்கு சொன்னாங்களான்னு நான் கேக்கல. கேட்டிருக்கலாம்.

அவன் நம்பர் இருந்துச்சு, ராத்திரி பண்ணினேன். ஊர்லயே ஒரு சிசிடிவி கடைல இருக்கானாம். விஷயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "உள்ளயே இருந்துச்சாண்ணா"ன்னான். "ஆமான்டா"ன்னேன். அப்புறம் அவனே கேட்டான், "அப்ப நான் தான் சரியா அமுக்காம விட்டுட்டேனாண்ணா?"

"இருக்கும்டா, பரவால்ல விடு"ன்னேன். கூலர பத்தி சொல்லவே இல்ல. சொல்ல வேணாம்னு நினைச்சு மறைச்சேன்னு சொல்ல முடியாது, ஆனா ஞாபகம் இருந்துச்சு, வாய் வரைக்கும் வந்துச்சு, அதுக்குள்ள அவன் "சரிண்ணா, உடம்ப பாத்துக்கோங்க"ன்னு வெச்சுட்டான்.

அந்த சிஸ்டம் இப்பவும் 8 காட்டிட்டு தான் ஓடுது. ஸ்க்ரூவ மறுபடி அரை சுத்து இறுக்கி ஆன் பண்ணினா பத்து நிமிஷத்துல ஓரளவுக்கு தெரிஞ்சிடும், காலின்னு வந்துச்சுன்னா கூலர் தான். ரெண்டு தடவ, சீட்ல யாரும் இல்லாத நேரமா பாத்து, சாவி வாங்கிட்டு ஸ்க்ரூ டிரைவரோட அந்த டேபிள் வரைக்கும் போனேன். ரெண்டு தடவயும் பூட்டை தொறக்காம சாவிய கொண்டு போய் அதே ட்ராயர்ல போட்டுட்டு வந்துட்டேன்.