தங்கோவாவில் ஓர் ஒலியைப் பார்க்கப் போனேன்

வனுவாட்டு நாட்டின் சாந்தோ தீவுக்குப் பெரும்பாலும் ஆழ்கடல் நீச்சல்காரர்கள்தான் வருவார்கள், போரில் மூழ்கிய அமெரிக்கக் கப்பலைப் பார்க்க. நான் போனது ஓர் ஒலிக்காக. தீவின் பெரிய ஊரான லுகன்வில்லிலிருந்து தென்கரைச் சாலையில் டிரக், அப்புறம் சிறு படகு. எதிரிலேயே தங்கோவா. 1895இல் பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் போதகர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய குட்டித் தீவு. தீவின் பெயர்தான் மொழிக்கும்.

லாப்லாப் என்ற அந்த ஊர்ப் பண்டம் செய்யக் கிழங்கு துருவிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவில் எனக்குத் தெரிந்த அளவுக்கு விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, கைவேலையை நிறுத்தாமலே ஒரு சொல் சொன்னார். காதுக்கு 'ம' மாதிரியும் இருந்தது, 'ந' மாதிரியும் இருந்தது. மறுபடி சொல்லச் சொல்லி வாயையே பார்த்தேன். நுனிநாக்கு வெளியே எட்டி மேலுதட்டில் ஒட்டியது; கீழுதடு சும்மா இருந்தது; மூக்கு வழியே ஒலி வந்ததும் நாக்கு சட்டென்று உள்ளே போய்விட்டது. பிறகு இரண்டு உதட்டையும் மூடி, நாம் சொல்லும் அதே 'ம'வைச் சொல்லிக் காட்டினார். அந்த மொழியில் இரண்டும் வேறு வேறு ஒலிகள். 'ப'வுக்கும் 'வ'வுக்கும்கூட இப்படி நாக்கும் மேலுதடும் சேரும் ஜோடி உண்டு.

உலகத்தில் மிக அரிதான ஒலிகள் இவை. சாந்தோவிலும் பக்கத்து மலேக்குலாவிலும் சில மொழிகளில் இருக்கின்றன. என்னை இழுத்தது இவற்றின் வரலாறு. 'கண்' என்பதற்கு, இந்தத் தீவு மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய ஓசியானிய மூலமொழியில் 'மாத்தா', மலாயிலும் அதேதான். ஆனால் சாந்தோவின் வடக்கே பேசும் தோலோமாக்கோ மொழியில் அது 'நாத்தா'. உதட்டில் பிறந்த ஒலி பல்லுக்கு எப்படிப் போனது? பாட்டியின் வாயில் பார்த்ததுதான் விடை. முதலில் நாக்கு மேலுதட்டைத் தொட்டிருக்கிறது, அப்புறம் கொஞ்சம் உள்வாங்கிப் பல்லருகே தங்கிவிட்டது. தோலோமாக்கோ தாண்டிப் போன படியில் தங்கோவா இன்னும் நிற்கிறது. எனக்கு இது பெரிய அதிசயம்.

அருகிலுள்ள அராக்கித் தீவின் மொழியிலும் இந்த ஒலிகள் உண்டு. மொழியியலாளர் அலெக்சாந்த்ர் பிரான்சுவா 2002இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டபோது பேசுவோர் 8 பேர்தான். மற்றவர்கள் தங்கோவா மொழிக்கு மாறிவிட்டார்கள். சின்ன மொழியை அதைவிடக் கொஞ்சம் பெரிய மொழி விழுங்குவதும் நடக்கிறது.

இந்த ஒலிகளைப் பதிவு செய்யப் போகிறவர்கள் ஆடியோவோடு நிறுத்தாதீர்கள். நல்ல வெளிச்சத்தில், வாய்க்கு நேராக வீடியோ எடுங்கள். அதற்கு முன் ஊர் சீஃபைப் பார்த்து அனுமதி கேட்டுவிடுங்கள். அங்கே அதுதான் முறை.