ஸ்கிரீன் இல்லாத பிரிண்டரை வளவு வீட்டு வைஃபையில சேக்குறது

பிரிண்டர் வாங்கப் போனா எல்லாரும் கேக்குறது விலை என்ன, இங்க் எத்தனை பக்கம் வரும், ஜெராக்ஸ் எடுக்குமா, இந்த மூணுதான். மேல ஸ்கிரீன் இருக்கான்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. வீட்டுக்குக் கொண்டாந்து பிரிச்சு வச்ச பிறகு வைஃபை பாஸ்வேர்டை எங்க அடிக்கிறதுன்னு தேடுனா நாலஞ்சு பட்டன், கூடவே லைட்டு, அவ்வளவுதான் இருக்கும். இதனாலயே காரைக்குடி பக்கம் எனக்குத் தெரிஞ்ச பல வீட்டுல வைஃபை உள்ள பிரிண்டரைக்கூட கேபிள்ல மாட்டித்தான் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. காசு குடுத்து வாங்குன வசதி சும்மா கெடக்கே, அதான் எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்களுக்கு இது அவசியமானது படைப்பு வேலையால, அதாவது பங்காளிங்க ஒண்ணாச் சேந்து முன்னோருக்குப் படைக்கிற சாமி கும்பிடு. பங்காளிங்க சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூர், மலேசியான்னு ஆளுக்கொரு பக்கம் இருக்காங்க, புள்ளிப் பட்டியல், அதான் குடும்பக் கணக்கு, ஒருத்தர் அனுப்புவாரு, சாமான் சிட்டை இன்னொருத்தர் வாட்ஸப்புல போடுவாரு, எல்லாம் பள்ளத்தூர்ல இருக்குற எங்க அப்பச்சி (அப்பா) போனுக்குத்தான் வரும், அந்தப் போன்லேருந்தே நேரா பிரிண்ட் போனா எவ்வளவு சவுகரியம். அப்பச்சிக்கு எதுவும் பேப்பர்ல கைக்கு வந்தாத்தான் கணக்கு.

நம்ம ஊரு வீடு இருக்கே, முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. பைபர் கனெக்ஷன் குடுக்க வர்ற தம்பி முகப்புலயே ரூட்டரை மாட்டிட்டுப் போயிருவாரு, நாம புழங்குறது வளவு (நடு முற்றமும் அதைச் சுத்துன பகுதியும்) தாண்டி உள்ள இருக்குற ரெண்டாங்கட்டுல, நடுவுல எல்லாம் கனத்த செங்கல் சுவரு, சுண்ணாம்புப் பூச்சு. வைஃபைல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை ஓடும், 5 வேகமா இருக்கும் ஆனா சுவரைத் தாண்டத் தாண்ட சீக்கிரமே செத்துப் போயிரும், 2.4 மெதுவு, ஆனா உள்ள வரைக்கும் வரும். விலை கம்மியான பிரிண்டர் பலதும் 2.4 மட்டும்தான் பிடிக்கும். நம்ம வீட்டுக்கு அது நல்லதுதான், நாலு பக்கம் பிரிண்ட் அடிக்க அந்த வேகம் தாராளம். உங்க ரூட்டர்ல ரெண்டுக்கும் ஒரே பேரு இருந்து பிரிண்டர் சேர மாட்டேன்னா, செட்டப் முடியிற வரைக்கும் 5-ஐ அணைச்சு வைங்க, இல்லாட்டி தனித்தனி பேரு குடுங்க.

அதனால என் முறை என்னன்னா, பிரிண்டர் கடைசியில எங்க இருக்கப்போகுதோ அங்க வச்சு செட்டப் பண்ண வேண்டாம், முகப்புக்குத் தூக்கிட்டு வந்து ரூட்டருக்குப் பக்கத்துல வச்சுப் பண்ணுங்க. ஒருதடவை சேந்துட்டா பேரும் பாஸ்வேர்டும் அதோட மெமரியில நிக்கும், அப்பறம் கரண்டைப் பிடுங்கி உள்ள கொண்டு போனாலும் தானா சேந்துக்கும். சிக்னல் பிரச்சினை தனி, செட்டப் பிரச்சினை தனி, ரெண்டையும் ஒண்ணா இழுத்துப் போட்டுக்கிட்டா எது எதனாலன்னே புரியாது.

சேக்குறதுக்கு ரொம்ப சுலபமான வழி டபிள்யூபிஎஸ் பட்டன். ரூட்டர் பின்னாடியோ பக்கவாட்டுலயோ அந்தப் பேரு போட்ட பட்டன் இருந்தா, பிரிண்டர்ல வைஃபை பட்டனை லைட்டு மினுக்குற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சுட்டு, 2 நிமிஷத்துக்குள்ள ரூட்டர் பட்டனையும் அமுக்கணும், பாஸ்வேர்டே தேவையில்ல. எந்தப் பட்டனை எத்தனை செகண்ட் பிடிக்கணும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்குற தாளைத் தூக்கிப் போட்டுறாதீங்க. லைட்டு மினுக்கிக்கிட்டே இருந்தா இன்னும் தேடுதுன்னு அர்த்தம், நிலையா நின்னு எரிஞ்சா சேந்துருச்சு. சில ரூட்டர்ல அமுக்குனாலும் ஒண்ணும் நடக்காது, டபிள்யூபிஎஸ் அணைச்சு வச்சிருப்பாங்க, இல்ல பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும்னு இருக்கும், அதுல டபிள்யூபிஎஸ் வேலை செய்யாது. டபிள்யூபிஎஸ்லயே 8 இலக்க பின் நம்பர் போட்டு சேக்குற முறை ஒண்ணு உண்டு, அதை மட்டும் ரூட்டர்ல அணைச்சுருங்க, அந்த எண்ணை ரெண்டு துண்டாப் பிரிச்சு சரிபாக்குறதால 11,000 தடவை முயற்சி பண்ணாலே கண்டுபிடிச்சிரலாம்னு 2011-லயே வெளிய வந்துருச்சு.

ரெண்டாவது வழி கம்பெனியோட ஆப். எப்சனுக்கு ஸ்மார்ட் பேனல், எச்பிக்கும் கேனானுக்கும் அவங்கவங்க ஆப். செட்டப் நிலையில இருக்கும்போது பிரிண்டரே சின்னதா ஒரு வைஃபை பரப்பும், போன் அதுல போய் சேந்து உங்க வீட்டு வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அதுக்குச் சொல்லிட்டுத் திரும்பி வந்துரும். இந்த இடத்துலதான் நிறைய பேருக்கு நின்னு போகுது. பிரிண்டரோட வைஃபையில இன்டர்நெட் கிடையாது, அதனால போன் "இதுல இன்டர்நெட் இல்லையே, விட்டுரவா"ன்னு கேக்கும், இல்ல கேக்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிரும். செட்டப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மொபைல் டேட்டாவை அணைச்சுருங்க, போன் கேட்டா இருக்கட்டும்னே சொல்லுங்க. ஆண்ட்ராய்டுல லொகேஷன் அனுமதி குடுக்கலைன்னா ஆப்பால பக்கத்துல உள்ள வைஃபையைத் தேட முடியாது, ஐபோன்ல லோக்கல் நெட்வொர்க்னு ஒரு அனுமதி கேக்கும், அதையும் குடுங்க. எச்பி பிரிண்டர்ல இந்த செட்டப் நிலை 2 மணி நேரம்தான் இருக்கும், நடுவுல சாப்பிடப் போயிட்டு வந்தீங்கன்னா திரும்ப வைஃபை பட்டனைப் பிடிச்சு ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ரெண்டும் சரிவரலைன்னா கம்ப்யூட்டர்ல யுஎஸ்பி கேபிள் மாட்டி, கம்பெனி சாப்ட்வேர்ல வைஃபை விவரத்தைக் குடுத்துட்டு கேபிளைக் கழட்டிரலாம்.

இப்ப முக்கியமான விஷயம். ஸ்கிரீன் இல்லாத பிரிண்டர் பேசாதுன்னு நினைக்கிறாங்க, அது பேப்பர்ல பேசும். ஏதோ ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சா நெட்வொர்க் ஸ்டேட்டஸ் ஷீட்னு ஒரு பக்கம் அடிச்சுத் தரும், எந்தப் பட்டன்னு அதே மடிச்ச தாள்ல இருக்கும். எந்த வைஃபையில சேந்திருக்கு, சிக்னல் எப்படி, ஐபி அட்ரஸ் (ரூட்டர் அதுக்குக் குடுக்குற விலாச எண்) என்ன, மேக் அட்ரஸ் (அந்த மெஷினுக்கே உள்ள சொந்த அடையாள எண்) என்ன, எல்லாம் அதுல வரும். எங்க வீட்டுல அந்த ஷீட் வந்ததும் அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கிட்டு பேரேட்டைப் பாக்குற மாதிரியே வரி வரியா விரலை வச்சுக்கிட்டே வந்தாரு, ஒரு எண்ல நிறுத்தி "ஏப்பா, இது என்ன 169.254-ன்னு ஆரம்பிக்குது, உன் போன்ல 192.168-ன்னு இருக்கே"ன்னாரு. அதேதான் விஷயம், அப்பச்சி கேட்டது ரொம்ப சரியான கேள்வி. 169.254-ன்னு ஆரம்பிச்சா ரூட்டர்கிட்டேருந்து பிரிண்டருக்கு அட்ரஸே வரல, தானா ஒண்ணைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்குன்னு அர்த்தம். ரூட்டரை அணைச்சுப் போட்டு, அது முழுசா எந்திரிச்ச பிறகு பிரிண்டரைப் போட்டோம், அடுத்த ஷீட்ல எண் சரியா வந்துருச்சு. கரண்டு போயிட்டு வர்றப்பவும் இதே வரிசைதான், ரூட்டர் எந்திரிக்க நேரம் எடுக்கும், பிரிண்டர் முந்திக்கும், அதனால பிரிண்டரை மட்டும் ஒருதடவை அணைச்சுப் போட்டா போதும்.

அந்த ஐபி எண்ணை போன் பிரவுசர்ல அடிச்சீங்கன்னா பெரும்பாலும் பிரிண்டரோட சொந்தப் பக்கமே திறக்கும், இங்க் அளவுலேருந்து செட்டிங் வரைக்கும் அங்க இருக்கும், இல்லாத ஸ்கிரீன் அதுதான். நேத்து அடிச்சது இன்னைக்கு ஆப்லைன்னு காட்டுதுன்னா அனேகமா ரூட்டர் அந்த எண்ணை மாத்திக் குடுத்திருக்கும், ரூட்டர் செட்டிங்ல டிஎச்சிபி ரிசர்வேஷன்னு இருக்குற இடத்துல ஷீட்ல உள்ள மேக் அட்ரஸைப் போட்டு ஒரே எண்ணை நிலையா குடுத்துருங்க.

எல்லாம் முடிஞ்சு ரெண்டாங்கட்டுல கொண்டு போய் வச்ச பிறகு அங்கேருந்து இன்னொரு ஷீட் அடிச்சு சிக்னலைப் பாருங்க. மோசமா இருந்தா பிரிண்டர் மேல குத்தமில்ல, முகப்புலேருந்து லேன் வயர் இழுத்து உள்ள ஒரு அக்சஸ் பாயிண்ட், அதாவது அங்கேருந்தே வைஃபை பரப்புற பெட்டி, வைக்கிறதுதான் வழி. அதுக்கும் அதே வைஃபை பேரு, அதே பாஸ்வேர்டு குடுத்துட்டா பிரிண்டரைத் திரும்ப செட்டப் பண்ண வேண்டாம். பழைய ரூட்டர் ஒண்ணு சும்மா கெடந்தா அதையே அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்தி வைக்கலாம், மோடு மாத்தாம வச்சா அது தனி நெட்வொர்க் ஆயிரும், முகப்புல உக்காந்திருக்குற போனுக்கு உள்ள இருக்குற பிரிண்டர் தெரியாது. வயர் இழுக்க வர்ற ஆளு டிரில்லை எடுத்துக்கிட்டு நேரா சுவத்துக்குப் போவாரு, விடாதீங்க. வயரை உத்தரத்து ஓரமா, தூண் பக்கமா கட்டிக் கொண்டு போகச் சொல்லுங்க, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் போட்டு இழைச்ச அந்தப் பூச்சுல ஓட்டை விழுந்தா அதே மாதிரி பூசிக் குடுக்க இப்ப கை கிடைக்கிறது கஷ்டம்.