459 எடுத்தும் ஃபெயில்: ராணுவ உடற்தகுதித் தேர்வின் மார்க் கணக்கு

அமெரிக்கத் தரைப்படையின் உடற்தகுதித் தேர்வில் இப்போது ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 100 மார்க். நான்கில் நூற்றுக்கு நூறும் ஐந்தாவதில் 59-உம் எடுத்தவருக்கு மொத்தம் 459. போர்ப் பணியில் இல்லாதவர்களுக்குத் தேர்ச்சிக்கு வேண்டிய மொத்தம் 300தான், ஆனாலும் அவர் ஃபெயில். ஐந்திலும் சரியாக 60 எடுத்து 300-இல் நிற்பவர் பாஸ். ஒவ்வொரு பிரிவிலும் 60 கட்டாயம் என்பதால் வரும் வினை இது.

எந்த நாட்டு ராணுவத் தேர்வானாலும் மொத்த மார்க்கைப் பார்ப்பதற்கு முன் மூன்று இடங்களைத் தேட வேண்டும்: எதற்குக் கீழே போனால் வெளியேற்றம், எதற்கு மேலே போனாலும் பலன் இல்லை, இடையில் மார்க் எங்கெங்கே தாவுகிறது. மார்க் சரிவுப் பாதையைப் போலச் சீராக ஏறாது. படிக்கட்டைப் போலத்தான் ஏறும்.

நம் தரைப்படையின் அக்னிவீர் ஆட்சேர்ப்பு முகாமில் இந்தப் படிகள் பளிச்சென்று தெரியும். ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 60, பீம் எனப்படும் புல்-அப்ஸுக்கு (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) 40. ஓட்டம் 5 நிமிடம் 30 நொடிக்குள் என்றால் 60 மார்க். 5:31 முதல் 5:45 வரை 48. முன்பு கதவு அங்கேயே மூடிவிடும். 2025 அறிவிக்கையில் மேலும் இரண்டு படிகள் வந்தன: 6:00 வரை 36, 6:15 வரை 24. பீமில் 10 எடுத்தால் 40, 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. ஐந்தோடு கை விட்டால் அத்தோடு சரி.

இந்தப் பட்டியலை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். 5:05-இல் பறந்து வந்து பீமில் 7 எடுப்பவருக்கு 81. 5:40-இல் வந்து 10 எடுப்பவருக்கு 88. முன்னவர் 35 நொடி வேகமானவர், ஆனால் 5:30-க்குக் கீழே அவர் குறைத்த 25 நொடிக்கு ஒரு மார்க்கும் கிடையாது. அதே சமயம் 5:32-இல் முடிப்பவர் வெறும் 2 நொடியைக் குறைத்தால் 12 மார்க் கூடும். பீமில் அதே 12-க்கு இரண்டு முறை கூடுதலாக ஏற வேண்டும். ஆகவே உங்கள் நேரம் ஒரு படியின் விளிம்பில் இருந்தால் ஓட்டத்தைக் கவனியுங்கள். படியின் நடுவில் இருந்தால் பீமில் உழைப்பதுதான் லாபம். தினமும் ஓடிக்கொண்டே இருந்து பீமைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போடுவது, என் பார்வையில், இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் செய்யும் பெரிய தப்புக் கணக்கு.

அந்த 2 நொடி பல நேரம் நுரையீரலில் இல்லை, பாதையில் இருக்கிறது. 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று. வளைவுகளில் உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் சுற்றுக்கு 6.3 மீட்டர் கூடும், நான்கு சுற்றுக்கு சுமார் 25 மீட்டர். 5:30 வேகத்தில் அது 5 நொடிக்கும் மேல்! கூட்டமாகப் புறப்படும்போது உள்பக்கம் இடம் கிடைக்காதுதான். அதற்காக வளைவில் முந்தப் பார்க்காதீர்கள். நேர்ப்பாதை வரும் வரை பொறுங்கள்.

அடுத்தது வேகப் பங்கீடு. 5:30 என்றால் சுற்றுக்கு 82.5 நொடி, 5:45 என்றால் 86 நொடி சொச்சம். கூட்டத்தோடு அடித்துப்பிடித்து முதல் சுற்றை 72-இல் முடித்தவருக்கு மீதி மூன்றையும் தலா 86-இல் ஓடினால் போதும் என்று காகிதம் சொல்லும். மூன்றாவது சுற்றில் கால் கனத்த பிறகு அந்த 86 வராது. முதல் சுற்று 80-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பீமில் மார்க் போவது பலமில்லாததால் மட்டுமல்ல, எண்ணப்படாததாலும்தான். கீழே வரும்போது முழங்கை முழுதாக நீளவில்லை, மேலே தாடை கம்பியைத் தாண்டவில்லை, காலை உதறி உந்திப் போனார் என்றால் அந்த முறை கணக்கில் சேராது. வீட்டில் 10 எடுப்பவர் அங்கே 7-இல் நிற்பதற்கு இன்னொரு காரணம் களைப்பு. ஓடி முடித்த கையோடு தொங்கிப் பார்த்து எத்தனை வருகிறதோ, அதுதான் உங்கள் உண்மையான எண்ணிக்கை.

9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும் வளைந்து போகும் ஜிக்-ஜாக் கட்டையில் விழாமல் நடப்பதும் பாஸா ஃபெயிலா என்பதோடு முடியும். மார்க் இல்லை என்பதால் யாரும் பழகுவதில்லை, ஆனால் அங்கே தவறினால் வாங்கிய நூறும் வீண்.

அமெரிக்கப் பட்டியலில் படிகள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். வயதுக்கேற்ப மாறவும் செய்யும். 17–21 வயது ஆணுக்கு டெட்லிஃப்டில் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) 150 பவுண்டை மூன்று முறை தூக்கினால் 60, 340-க்கு 100. அதற்கு மேல் தூக்கினாலும் கூடுதல் மார்க் இல்லை. முதல் முயற்சி தோற்றால் எடையைக் குறைத்து ஒரே ஒரு மறுவாய்ப்பு. எனவே முதல் எடையாக உறுதியாகத் தூக்கக்கூடியதை வைத்து, இரண்டாவதில் ஏற்றுவதே புத்திசாலித்தனம். போர்ப் பணிகளுக்கு மொத்தம் 350 வேண்டும், ஆண் பெண் இருவருக்கும் ஒரே பட்டியல். அதாவது சராசரி 70. எல்லாவற்றிலும் 60 என்று தப்பிக்கும் வழி அங்கே அடைபடுகிறது.

அமெரிக்க மரைன் படையில் கணக்கு இன்னும் நுணுக்கம். மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் குறைந்தது 40. மூன்று 40 சேர்ந்தால் 120தான், தேர்ச்சிக்கோ பொதுவாக 150 வேண்டும். முதல் வகுப்பு 235-இல் தொடங்குகிறது. புல்-அப்ஸுக்குப் பதில் புஷ்-அப்ஸ் எடுக்கலாம், ஆனால் அதற்கு உச்சம் 70. அதை முழுதாக வாங்கினாலும் முதல் வகுப்புக்கு பிளாங்கிலும் (முன்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) 3 மைல் ஓட்டத்திலும் சேர்த்து 165 தேவை. அந்த இரண்டில் ஒன்று சுமாராக இருப்பவருக்குப் புஷ்-அப்ஸ் சுலப வழி அல்ல.