இடம் நிரம்பினால் போதுமா?

குடும்ப மருத்துவர் பற்றாக்குறை என்றாலே காலிப் பணியிடங்களின் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். அதே வேலையில் இருக்கும் எனக்கு, தற்காலிக மருத்துவர்கள் மாறி மாறி வந்துபோகும் சுகாதார மையங்களை நினைத்தால்தான் கவலை. பட்டியலில் அந்த இடம் நிரம்பியிருக்கும். நோயாளிக்குத் தன்னைத் தெரிந்த மருத்துவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

அப்படியொரு மையத்தில் நான் பொறுப்பேற்றபோது, சர்க்கரை கட்டுக்குள் வராத வயதான அம்மா ஒருவர் வந்தார். எனக்கு முன்பு பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் இன்சுலின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பரிசோதனை முடிவு அப்படித்தான் இருந்தது. கொஞ்சம் பழகிய பிறகு, "எப்படிம்மா ஊசி போட்டுக்கிறீங்க, காட்டுங்க" என்றேன். சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, குத்துமதிப்பாக மருந்தை இழுத்தார். கண்ணில் புரை, சிரிஞ்சின் கோடுகள் தெரியவில்லை. "வர்றவங்க எல்லார்கிட்டயும் முதல்லேருந்து எப்படிச் சொல்றது டாக்டர்?" என்றார். திருகும்போது சொடுக்குச் சத்தம் கேட்கும் இன்சுலின் பேனாவுக்கு மாற்றினோம். இனி மருந்து சரியான அளவில் ஏறும் என்பதால், கூட்டியிருந்த அளவையும் குறைத்து, அப்புறம் கண் மருத்துவரிடம் அனுப்பினோம்.

நார்வேயில் லட்சக்கணக்கானவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டுப் பழக்கம் மட்டும் உள்ளவர்களைவிட இறப்பு வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்தது.

சரி, மருத்துவர் எப்படி நிலைப்பார்? வெளியூர்க்காரரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால் நாளை எண்ணிக்கொண்டுதான் இருப்பார். ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களை எடுக்கிறது. படித்து முடித்துச் சொந்த மாகாணத்தில் சுமார் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தால் படிப்புக் கடன் தள்ளுபடி. எனக்கு இது நியாயமான வழியாகப் படுகிறது. சம்பளத்தைக் கூட்டினால் ஆள் வருவார். ஆனால் விடுப்பு எடுக்க மாற்று ஆளில்லை, கணவனுக்கோ மனைவிக்கோ அங்கே வேலையில்லை என்றால், சம்பளத்தை நம்பி எத்தனை நாள் இருப்பார்? நோய் கட்டுக்குள் இருப்பவர்களின் தொடர் மருந்தையும் ரத்த அழுத்தப் பரிசோதனையையும் செவிலியரும் மருந்தாளுநரும் பார்த்துக்கொண்டாலே மருத்துவரின் பாதிச் சோர்வு போய்விடும்.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களை இப்போது வாரக்கணக்கில் சுழற்றுவதில்லை. குறிப்பிட்ட சில குடும்பங்களை அவர்களிடமே ஒப்படைத்து, பயிற்சி முடியும்வரை பார்க்கச் சொல்கிறோம்.