பிடி அரிசியும் வீட்டு வரியும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸுக்கு வடக்கே 2018இல் வீடு தேடினோம். எங்களுக்கு முன்னால் வந்து குடியேறியிருந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: "ஸ்கூல் ரேட்டிங் பார்த்து வாங்குங்க." அப்படியே வாங்கினோம். நான்கு தெரு தள்ளி வேறு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வேறு பள்ளி நிர்வாகத்தின் எல்லை. அங்கே இதே மாதிரி வீடு விலை குறைவாக இருந்தது. எதற்காக அந்த வித்தியாசம் என்று அன்று யோசிக்கவில்லை.

அக்டோபரில் வரி ரசீது வந்தது. கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு என்று தனித்தனி வரிகள். பள்ளிக்கான வரி மட்டும் மொத்தத்தில் பாதிக்கு மேல். அன்று ராத்திரி விருதுநகருக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் ஆசிரியராக இருந்தவர்.

"அப்போ அங்க வாத்தியார் சம்பளம் உன் வீட்டுல இருந்துதான் போகுதா தாயி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பிடி அரிசி மாதிரி" என்றார்.

விருதுநகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஆள் வந்து வாங்கிப் போவார். அந்த அரிசியும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்காகக் கடைகளில் பிரித்த மகமையும் சேர்ந்துதான் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவை நடத்தின. காமராசர் படித்தது அங்கேதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இல்லாத வீட்டிலும் கலயம் இருந்தது என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது ஒரு சமூகம் தன் கையால் செய்துகொண்டது. வியாபாரம் இல்லாத ஊரில், கைக்கும் வாய்க்கும் போதாத சனத்திடம் எந்தக் கலயத்தை எதிர்பார்ப்பது? அதனால்தான் பின்னால் அரசாங்கம் முன்வந்து இலவசக் கல்வியும் மதிய உணவும் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பள்ளிக்கும் நிர்வாகம் தனியார்தான், சம்பளம் அரசுடையது.

டெக்சாஸில், அரசாங்கம் முன்வரும் அந்த இரண்டாவது அடி பாதியில் நிற்கிறது. இங்கே மாநில வருமான வரி கிடையாது. பள்ளிகள் பெருமளவு வீட்டு வரியை நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் தன் எல்லைக்குள் வசூலிக்கிறது. விலையுயர்ந்த வீடுகள் உள்ள இடத்தில் கலயம் தானாக நிறையும்.

இது எவ்வளவு அநியாயமாகப் போக முடியும் என்பதைச் சான் அன்டோனியோ வழக்கைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன். எட்ஜ்வுட், ஏழை மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த பகுதி. 1967-68இல் அங்கே 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் பள்ளி வரி. அதே ஊரின் பணக்காரப் பகுதியான அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். ஆனாலும் ஒரு மாணவருக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 356 டாலர், அலமோ ஹைட்ஸில் 594. ஏழைகள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டிக் குறைவாகப் பெற்றார்கள். 1968 மே மாதம் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். பெற்றோரில் ஒருவரான டிமிட்ரியோ ரோட்ரிகஸ் வழக்குப் போட்டார். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மாநில நீதிமன்றத்தில் பிறகு தொடர்ந்த வழக்குகளால்தான் 1993இல் சட்டம் மாறியது: சொத்து வளம் அதிகமுள்ள டிஸ்ட்ரிக்ட்டுகள் ஒரு பங்கை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும். ராபின் ஹூட் என்று இங்கே அதைச் சொல்வார்கள். என் தெருவில் பலருக்கு அதன்மேல் கோபம். எனக்கு இல்லை. கலயங்களை ஒன்றாகக் கொட்டத்தான் வேண்டும். என் வருத்தம் வேறு. உள்ளூர் வரி வருமானம் ஏற ஏற, மாநிலம் தன் கையிலிருந்து போட வேண்டியது குறைகிறது.

இதெல்லாம் எனக்குக் கணக்காகவே இருந்திருக்கும், ஒரு சனிக்கிழமை நடக்காமல் இருந்திருந்தால். மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். மளிகைக் கடை கவுண்டரில் பொருளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தவர் அவனுடைய டீச்சர். அவன் "மிஸ்!" என்று கத்திவிட்டான். அவர் மலர்ந்து சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பாவை யாராவது அப்படி ஒரு கல்லாவில் பார்த்திருந்தால்? ஊரே பேசியிருக்கும். பத்து வருட அனுபவம் உள்ளவர், வாரக் கடைசியில் இரண்டு ஷிஃப்ட். வகுப்பு மூலையில் இருந்த புத்தக அலமாரியும் அதிலிருந்த புத்தகங்களும் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. ஆசிரியர்கள் இப்படிச் செலவழிப்பது எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்றால், மத்திய வருமான வரியில் அதற்கென்றே ஒரு கழிவு உண்டு. 2002இல் 250 டாலர், 2022இல் 300.

மே மாதம் ஆசிரியர் பாராட்டு வாரம் வந்தது. பூ, காபி கார்டு, கையால் வரைந்த வாழ்த்து. நானும் வடை சுட்டுக் கொண்டுபோனேன். ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது அவர் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு மாணவருக்கு மாநிலம் கணக்கிடும் அடிப்படைத் தொகை 2019இல் 6,160 டாலர் என்று வைத்தார்கள். விலைவாசி அத்தனை ஏறியும் 2025 வரை அது அசையவில்லை. 2023இல் மாநிலக் கருவூலத்தில் 3,200 கோடி டாலருக்கு மேல் உபரி. அந்த வருடமும் சம்பள உயர்வு வரவில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தருவதா என்ற சண்டையில் அதையும் சேர்த்துப் பிணைத்துவிட்டார்கள். இது தவறு, பெரிய தவறு. 2025இல் அடிப்படைத் தொகை 55 டாலர் கூடியது. அதோடு சம்பளத்துக்கென்று தனியாக ஒதுக்கி, ஐந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்குப் பெரிய டிஸ்ட்ரிக்ட்டில் வருடம் 5,000, சிறிய டிஸ்ட்ரிக்ட்டில் 8,000 டாலர் உயர்வு கொடுத்தார்கள். எங்கள் டீச்சருக்கு அது வந்து சேரவில்லை.

இங்குள்ள ஆசிரியர்கள் ஏன் வேலைநிறுத்தம் செய்யவில்லை என்று அப்பா கேட்டார். இங்கே சட்டப்படி முடியாது என்றேன். அப்பா பேசாமல் இருந்தார். 2003இல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலையைவிட்டு நீக்கியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் அந்த ஜூலை முழுக்க வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் ஒரு நவம்பரில், ஆசிரியர் சம்பளத்துக்காகப் பள்ளி வரியை 100 டாலருக்குச் சில சென்ட் கூட்டலாமா என்று எங்கள் டிஸ்ட்ரிக்ட் வாக்கெடுப்பு வைத்தது. வரி கட்டுபவள் நான். ஓட்டு எனக்கு இல்லை. கிரீன் கார்டு வரிசையில் எத்தனையோ வருடமாக நிற்கிறோம். ஓட்டு உள்ள வீடுகளுக்காவது போவோம் என்று எங்கள் தெருவில் நடந்தேன்.

கடைசி வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஏன் கட்ட வேண்டும்?" என்றார்.

65 வயதுக்கு மேல் பள்ளி வரிக்கு உச்சவரம்பு இருப்பதால் உங்களுக்கு ஏறாது என்று சொல்லியிருக்கலாம். அதை நான் முதலில் சொல்லவில்லை. நான் படித்தது உதவிபெறும் பள்ளி, அப்புறம் அரசுப் பொறியியல் கல்லூரி என்றேன். என் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தீப்பெட்டி ஒட்டிய பெண்கள், பட்டாசு ஆலைக்குப் போனவர்கள். சோப்பும் எண்ணெயும் வாங்கும்போது அவர்கள் கொடுத்த வரி அது. அவர்களுக்கு நான் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை, இந்த ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காவது கட்டுகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டார். தனக்கு நான்காம் வகுப்பு எடுத்த டீச்சரின் பெயரைச் சொன்னார். அவருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார்.

வாக்கெடுப்பு தோற்றது. அடுத்த முறை வரும்போது எங்கள் தெருவில் முதலில் தட்டப்போவது அவர் கதவைத்தான்.