தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், மற்றதெல்லாம் யார் ஏற்றிய சுமை?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்காகத் தேர்வாணையம் என்னிடம் கேட்டது மிகக் கொஞ்சம். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 100 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம். தேர்வின் சொந்த எடை அவ்வளவுதான். அதன் மேல் கல்யாணப் பேச்சு, தம்பியின் கல்லூரிக் கட்டணம், ஏறிக்கொண்டே போகும் வயது, ஊர் வாய் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கடைசியில் எது தேர்வு, எது அதன் மேல் உட்கார்ந்திருப்பது என்றே தெரியாமல் மொத்தத்தையும் மண்டையில் சுமக்கிறோம். படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் அட்டவணை எதுவும் தருவதில்லை. இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். இதற்கு மருந்து வேறு, அதற்கு மருந்து வேறு.

நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவள். இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன்.

முதலில் தேர்வு. 200 வினாக்கள், 300 மதிப்பெண். தமிழ் 100 வினா, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே காலையில் தலை தெளிவாக இருக்கும் நேரத்தைத் தமிழுக்குக் கொடுத்தேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பாடநூல்கள்தான் அடித்தளம். அவற்றை வரிவரியாகப் படித்து முடிக்காமல் கைடு வாங்கிக் குவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கைடு வாங்கும்போது படித்துவிட்டது போன்ற ஒரு நிம்மதி கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் அடுக்கிய புத்தகங்களே பயமுறுத்தும். பயிற்சி மையமும் அப்படித்தான். கையில் பணம் இருந்தால் சேருங்கள், தவறில்லை. கடன் வாங்கிச் சேராதீர்கள். வட்டி கட்டும் நாள் நெருங்கும்போது எந்தச் சூத்திரமும் மனதில் நிற்காது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறார்கள்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. 2024ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தபோது 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள், எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியது. கூட்டிய பிறகும் இருநூறு பேருக்கு மேல் ஓரிடம்தான். ஓர் அறைக்கு இருபது பேர் என்று வைத்துக்கொண்டால், பத்து அறைகளில் உட்கார்ந்து எழுதும் அத்தனை பேரிலும் ஒருவருக்கு வேலை. இந்தக் கணக்கைச் சொன்னால் சிலர் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் மூச்சு விட இடம் கொடுத்தது. மீதிப் பேரெல்லாம் மக்குகளாக இருக்க முடியாது அல்லவா? கிடைக்காவிட்டால் அது என் தகுதிக்கு எழுதிய தீர்ப்பு ஆகாது. ஆனால், பத்து அறையில் முதல் ஆளாக வர வேண்டும் என்றால் அரைகுறைப் படிப்பு போதாது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. பயத்தைக் குறைத்து உழைப்பைக் கூட்டச் சொல்லும் கணக்கு எனக்கு வேறெதுவும் கிடைக்கவில்லை.

இனி மேலே ஏறியவை.

பங்குனி உத்திரம் வந்தால் எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தைத் தேடிச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் அரிது. மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தம் அத்தனையும் வந்து இறங்கும். பொங்கல் பொங்குவதற்குள் பத்துப் பேராவது கேட்டுவிடுவார்கள்: “என்னம்மா, இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாயா?” கேட்பவர்களிடம் பெரும்பாலும் விஷமம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் பெண்ணிடம் கேட்க அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கேள்வி அன்றிரவு நம்மோடு வீட்டுக்கு வந்து, பாயில் நமக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். இதற்கு நான் கண்ட வழி, ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது. “ஜூன் 9 பரீட்சை, ஆச்சி. அதற்கு முன்னால் கேட்டால் எனக்கே தெரியாது.” ஆச்சிக்கும் அதே, அத்தைக்கும் அதே, மாமாவுக்கும் அதே. விளக்கம் சொல்லப் போனால்தான் நமக்கே தொண்டை அடைக்கும். அந்த ஆண்டு பெரியம்மா ஒருத்தி மட்டும் எதுவும் கேட்காமல், “வா, இந்தத் தேங்காயைத் துருவு” என்று கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் பட்ட கடன் பெரிது.

வேலையை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு துரும்பையும் தொடாமல், கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதுதான் தவம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுவதும் தேர்வு ஒன்றே என்று ஆகிவிட்டால், ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே அந்த நாள் பாழ். சாயங்காலம் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும்போது நானும் உட்காருவேன். நனைத்துப் பதமாக்கிய இலையைத் தகர அளவை வைத்துக் கத்தரித்துத் தருவது என் வேலை. அவள் தூளை இட்டு, விரல் நுனியால் உருட்டி, நூலைக் கட்டி, வாயை மடக்கி மூடுவதற்குள் நான் அடுத்த இலையை எடுத்திருக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆனால் அவள் வாயிலிருந்து ஆயிரம் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை, கட்டுகளைத்தான் எண்ணுவாள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து வினாக்களை வாசிப்பான். நான் பதில் சொல்வேன், சொல்லத் தெரியாதபோது அம்மா சிரிப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் மனதில் பதிந்த அளவு, மேசையில் குனிந்திருந்தபோது பதியவில்லை. புகையிலை நெடி மட்டும் புத்தகத்தில் ஏறிவிடும்.

“உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்” என்பார்கள். இந்த அறிவுரை எனக்குப் பலித்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். தாமிரபரணி கரையை மீறி, நெல்லை ஜங்ஷன் பஸ் நிலையம் தண்ணீரில் நின்றது. திருவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. அந்த நாட்களில் தேர்வு என்ற ஒன்று இருப்பதே எனக்கு நினைவில்லை. இனிமேல் இதற்கெல்லாம் பயப்பட மாட்டேன் என்றுகூட நினைத்தேன். தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, ஜனவரி இறுதியில் தேர்வு அறிவிப்பும் வந்தது. பழைய பயம் கொஞ்சமும் இளைக்காமல் அதே உருவத்தில் வந்து நின்றது. அடுத்தவர் துயரம் நம் துயரத்தைச் சில நாள் மறைக்கும், கரைக்காது. அதற்காக நம்மை நாமே, “இவ்வளவு பார்த்த பிறகும் இதற்குப் போய் அழுகிறாயே” என்று திட்டிக்கொள்வது இரட்டைத் தண்டனை.

அந்த வெள்ளத்திலிருந்து எனக்கு உபயோகப்பட்டது வேறொன்று. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே கட்டியது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் அங்கேயே இருப்பார், தண்ணீர் மேலேயே ஓடும். வடிந்ததும் மணலை அள்ளிக் கழுவி மறுபடி பூசை. எல்லாவற்றையும் காப்பாற்ற அங்கே யாரும் முயல்வதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நானும் அப்படிச் சிலவற்றை மட்டும் மேட்டில் ஏற்றினேன். தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் வைத்த கவர், பஸ்ஸுக்குச் சில்லறை. படிக்காமல் விட்ட பாடங்கள், ஊர்ப் பேச்சு, ரிசல்ட் பற்றிய கற்பனை ஆகியவற்றின் மேல் தண்ணீர் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வு நாளில் பதற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாடமாக இருக்காது, பயணமாக இருக்கும். 9.30 தேர்வுக்கு 9 மணிக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பஸ்ஸை நம்பவே கூடாது. முதல் நாளே மையம் எங்கே என்று பார்த்துவிடுங்கள், இரண்டு கறுப்பு பந்துமுனைப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. விடைத்தாளில் ஒரு வினாவுக்கு வட்டம் எதையும் நிரப்பாமல் விட்டால்தான் வம்பு, விடை தெரியாதவர்களுக்கென்றே ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. நான் எழுதியபோது A முதல் E வரை ஒவ்வொரு விடை எழுத்துக்கும் எத்தனை வட்டம் நிரப்பினோம் என்று கடைசியில் எண்ணி எழுத வேண்டியிருந்தது. கூட்டிப் பார்த்தால் 200 வர வேண்டும், 199 வந்தால் கை நடுங்கும். அதற்கென்று பத்து நிமிடத்தை முன்கூட்டியே ஒதுக்கியிருந்ததால் நிதானமாக மறுபடி எண்ண முடிந்தது. விடைத்தாளின் விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. உங்கள் ஆண்டு அறிவிப்பை நீங்களே வரி விடாமல் படியுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் கவலை அல்ல. காய்ச்சலுக்குப் போவது போலவே அதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து பேசலாம். யார் பிள்ளை, எந்த ஊர் என்று அங்கே யாரும் துருவ மாட்டார்கள்.

தேர்வை விட ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுதான் கொடுமை. ஜூன் 9 அன்று எழுதினோம், முடிவு அக்டோபர் 28 அன்று வந்தது. இடைப்பட்ட மாதங்களில் உத்தேச விடையை வைத்து மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர். கூட்டினால் மதிப்பெண் ஏறுமா? தட்டச்சுப் பயிலகத்தில் சேருங்கள், உரிய தட்டச்சுச் சான்று இருந்தால் தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும். கூடவே, தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ஒன்றாம் வகுப்பிலிருந்து காட்ட வேண்டும். பல பள்ளிகளில் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் போய் நிற்க வேண்டும். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருப்பார், பழைய பதிவேடு பரணில் கிடக்கும், எப்படியும் இரண்டு மூன்று நடை ஆகும். காலையில் போனால் கையெழுத்து வாங்கிவிடலாம்.